மண் நனையேல்ல எண்டதை நான் பாக்கேல்ல

என்ர பூனை சூடை செத்து இப்ப ஒரு வருசத்துக்கு மேல ஆகுது. அப்பவே எழுத வேணும் எண்டு நினைச்சனான், ஆனா நாலு வரி எழுதினா அஞ்சாவது வரியில கை நிண்டிடும், மூடி வைச்சிடுவன். இப்ப இருந்து எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. போன மாசம் எங்கட ஒபிஸில வேலை செய்யிற ஒரு பிள்ளை மத்தியானம் சாப்பிடேக்க சொன்னா, "அக்கா, எங்கட கடுவன் பூனைக்கு நேற்றில இருந்து மலச்சிக்கல், மண் சட்டிக்க போய்ப் போய் முக்குறான், விளக்கெண்ணெய் குடுக்கலாமோ" எண்டு. எனக்குச் சோத்தில வைச்ச கை அப்பிடியே நிண்டிட்டு. ஏனெண்டா நானும் அதே சொல்லைத்தான் சொன்னனான், அதே எண்ணெயைத்தான் குடுத்தனான், அந்த எண்ணெய் குடுத்து ஒண்டரை நாளில அவன் என்ர மடியில செத்தான். அந்தப் பிள்ளைக்கு என்ன சொன்னன் எண்டதைக் கடைசியில சொல்லுறன். முதல்ல சூடையின்ர கதை.

நாங்கள் திருகோணமலை உப்புவெளியில இருக்கிறம், கடற்கரைக்குக் கிட்ட, காலடி வைச்சா புதையிற மணல் வளவு. 2019ல ஒருநாள் விடிய அம்மா மீன்காரரிட்ட சூடை மீன் வாங்கிக்கொண்டு வந்து பையைக் குசினி நிலத்தில வைக்க, பின்னால ஒரு குட்டி, அம்மாவின்ர உள்ளங்கையளவு, எங்க இருந்து வந்ததோ தெரியாது, நேர போய்ப் பைக்குள்ள தலையை விட்டிட்டு. இழுத்தா வருகுதில்ல. "சூடைக்குப் பிறந்தவன்" எண்டு அம்மா சொன்னா, அதுவே பேராப் போச்சு. வெள்ளையில மஞ்சள் திட்டு, வால் நுனி மட்டும் வளைஞ்சிருக்கும். அஞ்சு வருசத்தில அஞ்சரைக் கிலோவுக்கு வந்திட்டான். ஆப்பரேசன் செய்த கடுவன், அதால ஊர் சுத்துற வேலை இல்லை, விறாந்தைக் கதிரை, மதில், என்ர கட்டில், இவ்வளவும்தான் அவன்ர உலகம். மீன்காரற்ற மோட்டச்சைக்கிள் ஹோண் ரெண்டு வளவுக்கு அங்கால கேக்கேக்கயே எழும்பிக் கேற்றடிக்கு ஓடிடுவான். நான் ஒபிஸால வந்து கேற் கொண்டியைத் தூக்க முதல் மதிலில நிப்பான். அப்பா இல்லை, அக்கா வவுனியாவில, எனக்கு வீட்டில கதைக்க இருந்த ஆக்கள் அம்மாவும் அவனும்தான்.

2024 தை மாசம் அக்காவுக்குப் பிள்ளை கிடைச்சு அம்மா வவுனியாவுக்குப் போயிட்டா. அதுக்குப் பிறகு வீட்டில நானும் சூடையும். இந்த இடத்தில நான் செய்த முதல் பிழை இருக்கு, அது பிழை எண்டு அப்ப தெரியாது. அம்மா இருக்கேக்க நாள் தவறாமல் மீன் அவிச்சு அந்தத் தண்ணியோட சோத்தைப் பிசைஞ்சு வைப்பா. எனக்கு ஏழரைக்கு வெளிக்கிட வேணும், அதால பக்கற்றில வாற காய்ஞ்ச சாப்பாட்டை விடிய ஒரு கோப்பை நிறையப் போட்டிட்டுப் போறது, பின்னேரம் வந்து திரும்பவும் ஒரு கோப்பை. அவனும் விரும்பிச் சாப்பிட்டான், உடம்பும் வைச்சான், எனக்கும் சந்தோசம். தண்ணிக் கோப்பை குறையாமல் இருந்ததை நான் கவனிக்கேல்ல. பிறகு டொக்டர் விளங்கப்படுத்தினவர், மீனில பத்தில ஏழு பங்கு தண்ணி, இந்தக் காய்ஞ்ச சாப்பாட்டில பத்தில ஒரு பங்குதானாம். பூனை எண்டது வறண்ட நிலத்தில இருந்து வந்த சாதி, தாகம் எண்டு கோப்பையைத் தேடிப் போற பழக்கம் குறைவு, சாப்பாட்டாலதான் தண்ணி எடுக்கும். அஞ்சு கிலோப் பூனைக்கு ஒருநாளைக்குக் கால் லீற்றர் அளவு தண்ணி உள்ள போக வேணும், சாப்பாட்டில இருக்கிறதையும் சேத்துத்தான். சூடைக்கு அஞ்சு மாசமா அதில அரைவாசியாவது போயிருக்குமோ தெரியாது, அதுவும் வைகாசி வெயிலில. அம்மா போனதால அவனுக்கு மனசும் குழம்பித்தான் இருந்தது, ரெண்டு கிழமை அம்மாவின்ர அறை வாசலில கிடந்தவன். பூனைக்கு வீட்டில ஆள் மாறுறது, வீடு மாறுறது எல்லாம் சலப்பையை, அதான் மூத்திரப்பையை, தாக்கும் எண்டதும் எனக்குப் பிறகு தெரிஞ்ச விசயம்தான்.

மே 22, புதன்கிழமை பின்னேரம். அடுத்த நாள் வெசாக் போயா, புத்த சமயத்து ஆக்களின்ர பௌர்ணமிப் பெருநாள், வெள்ளியும் லீவு, பிறகு சனி ஞாயிறு, நாலு நாள் வீட்டில எண்டு நான் நல்ல சந்தோசமா வந்தனான். மதிலில ஆள் இல்லை. உள்ள வந்து பாத்தா மண் சட்டிக்க குந்திக்கொண்டு இருக்கிறான். சட்டி எண்டா பழைய நீலப் பேசினில கடற்கரை மண் அள்ளிப் போட்டது. முதுகை வளைச்சுக்கொண்டு, காதைப் பின்னால மடிச்சுக்கொண்டு, ஒரு நிமிசம் இருந்தான், பிறகு எழும்பி மண்ணைத் தள்ளி மூடினான். ரெண்டு நிமிசத்தால திரும்பவும் வந்து குந்தினான். பிறகு குளியலறைச் சீமெந்து நிலத்தில குந்தினான். பின்பக்கத்தை நக்கு நக்கெண்டு நக்கினான். ஒருக்கா "ஆங்" எண்டு அடித்தொண்டையால ஒரு சத்தம் போட்டான், அந்தச் சத்தத்தை அவன் அதுக்கு முதல் போட்டதே இல்லை. நான் என்ன நினைச்சன்? "பாவம், கக்கா வருகுதில்லப் போல" எண்டு நினைச்சன். அந்தப் பேசினில குனிஞ்சு பாத்திருந்தா, காலமை நான் மாத்திப் போட்ட மண் பன்ரெண்டு மணித்தியாலமா அப்பிடியே காய்ஞ்சு கிடந்தது எண்டது தெரிஞ்சிருக்கும். ஒரு பூனை ஒருநாளைக்கு ரெண்டு, மூண்டு, நாலு தரம் சலம் விடும், ஒவ்வொருக்காலும் மண் தேங்காய்ப் புண்ணாக்குக் கட்டி மாதிரி உருண்டு வரும். அண்டைக்குக் கட்டி ஒண்டும் இல்லை. நான் பாத்தது மண்ணில அவன்ர நகம் கீறின கோடுகளை மட்டும்தான்.

கடுவன் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து இந்த ஒரு விசயத்தை மனசில வைச்சுக்கொள்ளுங்கோ. சலம் அடைச்ச கடுவனும் மலச்சிக்கல் வந்த கடுவனும் குந்துற விதம் பாக்க ஒரே மாதிரி. வித்தியாசம் மண்ணிலதான். அடிக்கடி போறான், குந்துறான், முக்குறான், ஆனா மண் நனையேல்ல, இல்லாட்டி ஒரு சொட்டு, ரத்தம் கலந்த மாதிரி ஒரு சொட்டு மட்டும் வருது எண்டா அது மலச்சிக்கல் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்காதீங்கோ. கடுவனுக்குச் சலம் வாற குழாய் நுனியில ஊசி மாதிரி ஒடுங்கினது, சலத்தில உண்டாகிற பளிங்கு மாதிரித் துணிக்கையளும் சளியும் சேந்து அதில தக்கை அடிச்ச மாதிரி அடைச்சிடும். பெட்டைப் பூனைக்குக் குழாய் கட்டை, அகலம், அதால அதுக்கு முழுசா அடைக்கிறது மிச்சம் குறைவு. முழுசா அடைச்சா ஒருநாள், கூடிப்போனா ரெண்டு நாள், அதுக்கு மேல தாங்காது. சலத்தோட வெளிய போக வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில ஏறி இருதயத்தை நிப்பாட்டிப் போடும். நான் இதையெல்லாம் வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் முதல் முதலாக் கேட்டனான், அப்ப நாப்பத்தெட்டு மணித்தியாலம் ஆகியிட்டு.

வியாழக்கிழமை விடிய அவன் சாப்பாட்டை மணந்து பாத்திட்டு விட்டிட்டான். பக்கத்து வீட்டு அன்ரியைக் கூப்பிட்டன். அவ நல்ல மனுசி, எங்கட அம்மாவின்ர வயசு, வந்து அவனைத் தடவிப் பாத்திட்டு "வயிறு கல்லு மாதிரி இருக்கு பிள்ளை, வயித்தில கட்டியிட்டு, கொஞ்சம் விளக்கெண்ணெய் விடு, இளகிடும்" எண்டு சொன்னா. வயிறு கல்லு மாதிரி இருந்தது உண்மைதான், ஆனா அது மலம் இல்லை, நிறைஞ்சுபோய் வெடிக்கப்போற சலப்பை. நான் மருந்துக்கடை ஒண்டு திறந்திருக்கத் தேடிப் பிடிச்சு எண்ணெய் வாங்கி, ஊசி இல்லாத சிறிஞ்சில எடுத்து, அவன்ர வாயைப் பிரிச்சு விட்டன். அரைவாசி மேல கொட்டினது. அவன் என்னைக் கடிக்கேல்ல, கீறேல்ல, கண்ணை மட்டும் மூடிக்கொண்டு இருந்தான். அதை நான் மறக்கிறதே இல்லை. இன்னொராள் போனில சொன்னவ, நோவுக்குக் குழந்தைப் பிள்ளையளின்ர பனடோல் பாணி கொஞ்சம் குடுங்கோ எண்டு. அதை மட்டும் குடுக்கேல்ல, ஏனெண்டா பனடோல் பூனைக்கு நஞ்சு எண்டு முந்தி எங்கயோ வாசிச்சது ஞாபகம் வந்தது. உண்மையாவே நஞ்சுதான், பனடோலில இருக்கிற பரசிற்றமோலை உடைச்சு வெளியேத்துற நொதியம் பூனையின்ர ஈரலில போதாததால ஒரு முழுக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லக் காணும். எங்கட ஊரில காய்ச்சல், தலையிடி, நாரிப்பிடிப்பு எல்லாத்துக்கும் பனடோல்தான், அதே கையால மிருகத்துக்கும் குடுத்திடாதீங்கோ. வயித்தை அமத்திச் சலம் எடுக்கப் பாக்கிறதும் கூடாது, சலப்பை கிழிஞ்சு போயிடும்.

அண்டைக்கு இரவு ரோட்டெல்லாம் வெசாக் வெளிச்சக் கூடு, பிள்ளையள் தன்சலுக்கு, சும்மா சாப்பாடு குடுக்கிற பந்தலுக்கு, போறதும் வாறதுமா ஒரே சத்தம். நான் அவனை மடியில வைச்சுக்கொண்டு விறாந்தையில இருந்தன். நடுச்சாமத்தில அவன் மண் சட்டிக்குப் போறதையும் விட்டிட்டான். நான் அதைப் பாத்திட்டு "அப்பாடா, கொஞ்சம் சுகம் போல, முக்கிறதை நிப்பாட்டியிட்டான்" எண்டு நினைச்சுப் போய்ப் படுத்தன். அவனுக்குச் சுகம் வரேல்ல, எழும்பி நடக்கச் சத்து இல்லாமல் போனது. இதையும் கேட்டு வையுங்கோ: முக்கின பூனை ஒண்டும் வெளியேத்தாமல் அமைதியாப் படுத்தா அது நல்ல அறிகுறி இல்லை.

வெள்ளி விடிய அலுமாரிக்குக் கீழ போயிட்டான். மஞ்சள் தண்ணியாச் சத்தி எடுத்திருந்தான். காதைத் தொட்டன், குளிர். அதுக்குப் பிறகுதான் எனக்கு உதறல் எடுத்தது. போனைத் தூக்கினன். அரச மிருக வைத்திய அலுவலகம் லீவு, அது அவையின்ர பிழை இல்லை, போயா லீவு. தெரிஞ்ச ஒரு நம்பருக்கு எடுத்தா "திங்கக்கிழமை கொண்டு வாங்கோ" எண்டு சொல்லி வைச்சாச்சு. இன்னொரு நம்பர் அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சது. நான் பதினொரு நம்பருக்கு எடுத்தன், இப்பவும் போனில அந்த லிஸ்ட் இருக்கு, அழிக்கேல்ல. பேஸ்புக்கில மிருகங்களைப் பாக்கிற ஆக்களின்ர குறூப் ஒண்டில அழுதழுது எழுதினன், கொழும்பில இருந்து முன்பின் தெரியாத ஒரு பிள்ளைதான் பதில் போட்டா, "அக்கா அவன் சலம் விடுறானா, முதல்ல அதைப் பாருங்கோ" எண்டு. அந்த ஒரு கேள்வியை புதன்கிழமை ஆராவது என்னட்டக் கேட்டிருந்தா. பேசினில கையைப் போட்டு மண்ணை அளைஞ்சு பாத்தன். ரெண்டு நாள் மண், விரலிடுக்கால பொலபொலவெண்டு கொட்டினது.

அந்தப் பிள்ளை தேடிக் குடுத்த நம்பரால டவுனில ஒரு டொக்டர் பின்னேரம் நாலு மணிக்கு வீட்டை கொண்டு வரச் சொன்னார். சிங்கள டொக்டர், தமிழும் கதைப்பார், லீவு நாளில மனுசி பிள்ளையளோட வெளிக்கிட இருந்தவர், நிண்டு பாத்தவர். கூடு இல்லை, உடுப்புக் கூடைக்க துவாயை விரிச்சு வைச்சு ஓட்டோவில கொண்டு போனன். டொக்டர் வயித்தில கை வைச்ச உடனே முகம் மாறினது. இருதயத்தைக் கேட்டார், மணிக்கூட்டைப் பாத்து எண்ணினார். பூனைக்கு நிமிசத்துக்கு 140க்கு மேல துடிக்க வேணும், இவனுக்கு 100 கூட இல்லை எண்டார். கடுவனுக்குப் போடுற மெல்லிசுக் குழாய் அவரிட்ட இல்லை. ஊசியால வயித்துக்குள்ளால சலத்தை இழுத்தார், சிவப்பா, பெரிய சிறிஞ்சால ரெண்டு முழுசு, மூண்டாவதிலயும் பாதி. இருதயத்துக்கு ஒரு ஊசி போட்டார், சேலைன் குடுத்தார். "தங்கச்சி, இது கொஞ்ச நேரத்துக்குத்தான், திரும்ப நிரம்பும். குழாய் போட்டு ரத்தம் பாத்து ரெண்டு மூண்டு நாள் வைச்சிருக்கிற இடத்துக்குக் கொண்டு போக வேணும்" எண்டார். கண்டிப் பக்கம் தனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு எடுத்துச் சொன்னார், அவர் எத்தினை மணிக்கு வந்தாலும் பாக்கிறன் எண்டவர். இலங்கையில மிருக வைத்தியம் படிப்பிக்கிற பீடம் பேராதனையிலதான் இருக்கு, அதால கண்டிப் பக்கம் தெரிஞ்ச ஆக்கள் கூட. எங்களுக்கு அங்க போக நூற்றி எண்பது கிலோமீற்றர். எனக்கு ஒரு சொல்லும் கடுமையாச் சொல்லேல்ல அந்த மனுசன். "முந்தநாள் வந்திருந்தா" எண்டு ஆரம்பிச்சிட்டு என்ர முகத்தைப் பாத்து நிப்பாட்டியிட்டார்.

வான் பிடிக்கிறது அடுத்த பாடு. வெசாக் நேரம், எல்லா வானும் அனுராதபுரம், கண்டி எண்டு ஓடுது. கிண்ணியாத் தம்பி ஒராள் 34,000 எண்டு சொல்லி ஏழு மணிக்கு வந்தார். பூனை எண்டு நான் சொல்லேல்ல, சொன்னா வரமாட்டார் எண்டு பயம், "அவசரமா ஆஸ்பத்திரிக்கு" எண்டு மட்டும் சொன்னனான். கூடையைப் பாத்திட்டு அவர் ஒண்டும் கேக்கேல்ல, ஏசியைக் குறைச்சிட்டு "குளிராம துணியப் போத்துங்க அக்கா" எண்டார். கந்தளாயில வெசாக் வெளிச்சம் பாக்க வந்த சனத்துக்குள்ள வான் ஊந்து ஊந்து போனது, ரோட்டில மறிச்சுத் தேத்தண்ணி குடுக்கிறாங்கள், அந்தத் தம்பி கையெடுத்துக் கும்பிட்டு "வருத்தக்காரர் இருக்கு" எண்டு சிங்களத்தில சொல்லச் சொல்ல விலத்தி விட்டாங்கள். கந்தளாய் தாண்டினா காடு, ரோட்டுக் கரையில யானை நிண்டது, லைட்டைக் குறைச்சுப் போட்டு பதினைஞ்சு நிமிசம் அசையாமல் நிண்டம். நான் சூடையின்ர நெஞ்சில கையை வைச்சு எண்ணிக்கொண்டே இருந்தன். கல்ஓயாச் சந்தி தாண்டி கொஞ்சத் தூரத்தில அவன் தலையைத் தூக்கினான், வாயைத் திறந்து ரெண்டு தரம் மூச்சை இழுத்தான், பின்னங்காலை நீட்டினான். நாலஞ்சு நிமிசம் நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தன், என்ர விரலில துடிச்சது என்ர நாடிதான் எண்டு பிறகுதான் விளங்கினது. "தம்பி, நிப்பாட்டுங்கோ" எண்டன். அவர் கரையில நிப்பாட்டி உள்லைட்டைப் போட்டுத் திரும்பிப் பாத்திட்டு "இன்னாலில்லாஹி" எண்டு, முஸ்லிம் ஆக்கள் ஒராள் செத்தா ஓதுறதை, முழுசா ஓதினார். ஒரு பூனைக்கு. அண்டைக்கு இரவு அவனை ஒரு உயிரா மதிச்சு முதல்ல ஒரு சொல்லுச் சொன்ன ஆள் அந்தத் தம்பிதான். திரும்பி வந்து 34,000த்தை நீட்ட, டீசல் காசு எண்டு 15,000 மட்டும் எடுத்தார்.

காசுக் கணக்கையும் சொல்லுறன். டொக்டருக்கு 6,500, ஓட்டோ 1,200, வான் 15,000, எண்ணெய் சிறிஞ்ச் எல்லாம் ஒரு 600. 23,300 ரூபா, கையில ஒண்டும் மிஞ்சேல்ல. முதல் நாளே குழாய் போட்டு ரெண்டு நாள் சேலைன் ஏத்தியிருந்தா 20,000க்குள்ள முடிஞ்சிருக்கும், உயிரும் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது எண்டு டொக்டரிட்டப் பிறகு கேட்டறிஞ்சன். அதாலதான் சொல்லுறன், லீவு நாளுக்கு முதல் உங்கட ஊரில, பக்கத்து ஊரில, பெரிய டவுனில எண்டு மூண்டு மிருக டொக்டர்மாரின்ர நம்பரை எழுதி, லீவு நாளில பாப்பினமோ எண்டு கேட்டு, அலுமாரிக் கதவில ஒட்டி வையுங்கோ. போனில மட்டும் வைக்காதீங்கோ, அந்த நேரம் கை நடுங்கும், தேடேலாது. கடுவன் பூனைக்குக் குழாய் வைச்சிருக்கிறீங்களோ எண்டு நல்லா இருக்கேக்கயே கேட்டு வையுங்கோ. நான் பாத்த டொக்டர் இப்ப எப்பவும் ரெண்டு மூண்டு வைச்சிருக்கிறார். ஒரு கூடு வாங்கி வையுங்கோ, ஒரு 20,000 ரூபாய் தொடாமல் வையுங்கோ. காய்ஞ்ச சாப்பாடுதான் குடுக்க வேணும் எண்டா தண்ணி விட்டு ஊற வைச்சுக் குடுங்கோ, உப்புப் போடாமல் அவிச்ச மீன் தண்ணியை ஊத்துங்கோ, தண்ணிக் கோப்பையை ரெண்டு மூண்டு இடத்தில வையுங்கோ. மீன் மட்டும் குடுத்தாலும் சரியில்லை, கலந்து குடுங்கோ. ஒருக்கா அடைச்சு எடுத்த கடுவனுக்குத் திரும்ப அடைக்கிறது சர்வசாதாரணம், டொக்டர் சொல்லுற சாப்பாட்டை விடக்கூடாது.

சனிக்கிழமை விடிய நானும் பக்கத்து வீட்டு அன்ரியின்ர மகனுமாப் பின் வளவில குழி வெட்டினம். எங்கட மண் மணல், ஆழம் போகப் போகச் சரிஞ்சு விழும், ஊர் நாயள் வேற கிளறும், அதால மூண்டடிக்குக் குறையாமல் வெட்டி, மேல ஓட்டுத் துண்டும் கல்லும் அடுக்கினம். கிணத்துக்கு எதிர்ப்பக்கம் வேலியோரமா. பொலித்தீன் பையில போட வேண்டாம் எண்டு அன்ரியின்ர மகன் சொன்னவன், அம்மாவின்ர பழைய பருத்திச் சேலையில சுத்தினம். வால் நுனி வெளியில நிண்டது, அதை உள்ள மடிச்சு விட்டது நான்தான். அன்ரி வேலிக்கு அங்கால நிண்டு அழுதுகொண்டு "நான்தான் பிள்ளை எண்ணெய் விடச் சொன்னனான்" எண்டா. நான் அவவைக் குற்றம் சொல்லேல்ல. தெரிஞ்சு சொன்னவ இல்லையே. ஆனா அந்த ஞாயத்தை எனக்கு நானே குடுக்க எட்டு மாசம் எடுத்தது.

பூனை செத்தா எத்தினை நாள் அழலாம் எண்டு எங்கட ஊரில ஒரு கணக்கும் இல்லை. மனுசர் செத்தா எட்டுச் செலவு, அந்தியேட்டி எண்டு முப்பத்தொரு நாளுக்கு ஆக்கள் வந்து போவினம், சாப்பாடு கொண்டு வருவினம், உக்காந்து கதைப்பினம். இதுக்கு ஆர் வருவினம்? திங்கக்கிழமை ஒபிஸுக்குக் காய்ச்சல் எண்டு பொய் சொல்லி ரெண்டு நாள் நிண்டன். மூண்டாம் நாள் போக, ஒராள் "பூனைதானே, எங்கட வீட்டில மூண்டு குட்டி இருக்கு, ஒண்டைக் கொண்டு போங்கோ" எண்டார், நல்ல மனசோடதான் சொன்னவர். நான் கழுவுற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டிட்டு அழுதன். பொய் சொன்னதாலதான் எனக்குக் கூடக் கஷ்டமாப் போனது எண்டு இப்ப நினைக்கிறன், காய்ச்சல்காரரிட்ட ஆரும் துக்கம் விசாரிக்க மாட்டினம்தானே. உங்களுக்கு இப்பிடி வந்தா ஒரே ஒரு ஆளுக்காவது உண்மையைச் சொல்லுங்கோ. நான் கடைசியில அம்மாவுக்குத்தான் சொன்னன், பத்து நாள் ஒளிச்சு வைச்சிருந்து. அவ போனில சத்தமே இல்லாமல் இருந்திட்டு "எந்தச் சேலையில சுத்தினனி" எண்டு கேட்டா. மாங்காய்க் கரை போட்ட நீலச் சேலை எண்டன். "அது நல்ல மெத்தெண்ட சேலை" எண்டா. ரெண்டு பேரும் அரை மணித்தியாலம் அழுதம், அண்டைக்கு இரவுதான் நான் வடிவா நித்திரை கொண்டனான்.

இன்னும் ஒண்டு, ஆரும் முன்கூட்டிச் சொல்லாதது. கை பழக்கம் நிக்காது. கேற் கொண்டியைத் தூக்கேக்க மதிலைப் பாப்பன். மீன் வாங்கேக்க நூறு ரூபாய்ச் சூடை வேற பையில எண்டு வாய் தானாச் சொல்லும், மூண்டு கிழமை அப்பிடி வாங்கி வாங்கி வைச்சனான். பிறகு ஒருநாள் மீன்காரர் "எங்கயம்மா உங்கட ஆளைக் காணேல்ல" எண்டு கேட்டார், சொன்னன், தராசைக் கீழ வைச்சிட்டுத் தொப்பியைக் கழட்டிக் கையில வைச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டார். பேசினையும் மண்ணையும் உடனே எடுத்துப் போடச் சொல்லிச் சனம் சொல்லும். உங்களுக்கு ஏலாட்டி வைச்சிருங்கோ, அவசரம் இல்லை. நான் மாரி மழை துடங்கின பிறகு, மண்ணை அவனைப் புதைச்ச இடத்தில கொட்டினன், பேசினைக் கழுவி வைச்சிருக்கிறன். திரும்பப் பூனை வளக்கிறதோ எண்டு கேக்காதீங்கோ, இப்ப தெரியேல்ல. மனசுக்குள்ள இரவில ஒரு கணக்கு ஓடும், புதன் ஆறு மணி, வியாழன் ஆறு மணி எண்டு, எந்த மணித்தியாலத்தில திரும்பியிருக்கலாம் எண்டு. அது நிண்டிட்டு எண்டு சொல்ல மாட்டன். ஆனா அந்தக் கணக்கு முழுவதையும் ஒருக்கா ஒரு கொப்பியில மணித்தியால வாரியா எழுதிப் பாத்தன், எழுதினதுக்குப் பிறகு கொஞ்சம் குறைஞ்சது, ஏனெண்டா எழுதிப் பாக்கேக்க விளங்கினது, ஒவ்வொரு மணித்தியாலத்திலயும் நான் அவனுக்குப் பக்கத்திலதான் இருந்திருக்கிறன், தெரியாமல் இருந்தனானே தவிர விட்டிட்டுப் போகேல்ல.

ஒபிஸ் பிள்ளைக்கு வாறன். சோத்துக் கையோட எழும்பி "மண் நனைஞ்சிருக்கோ" எண்டு கேட்டன். அவவுக்கு விளங்கேல்ல. வீட்டுக்கு எடுத்துத் தம்பியை மண்ணில கை வைச்சுப் பாக்கச் சொல்லு எண்டன். தம்பி பாத்திட்டுக் காய்ஞ்சு கிடக்கு எண்டான். எண்ணெய் குடுக்காதே, ஓட்டோ பிடி எண்டு சொல்லி நானும் அரை நாள் லீவு போட்டிட்டுக் கூடப் போனன், இந்தமுறை காரணத்தை உள்ளபடி எழுதிக் குடுத்தன். அதே டொக்டர். குழாய் போட்டு மூண்டு நாள் அங்கயே வைச்சிருந்தவர், பெரிய கறுத்தக் கடுவன், எல்லாரையும் சீறிக்கொண்டு கிடந்தான். வீட்டை கொண்டு போய் அடுத்த நாள் விடிய அஞ்சே முக்காலுக்கு அந்தப் பிள்ளை வட்ஸ்அப்பில ஒரு போட்டோ போட்டிருந்தா, ஒரு சொல்லும் எழுதேல்ல. சிவப்புப் பேசினில நடுவில கைப்பிடியளவு நனைஞ்ச மண் கட்டி. நான் அதைப் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்துக்கொண்டு கட்டிலில இருந்தன்.